எதிராளி பேசும்போது

ஒரு நடிகர் தேறுவாரா மாட்டாரா என்று பார்க்க எனக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறேன். அவர் வசனம் பேசும்போது கண்டுகொள்ள மாட்டேன். எதிராளி பேசும்போது இவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பார்ப்பேன். காதில் வாங்குகிறாரா, இல்லை தன் முறை எப்போது வரும் என்று நிற்கிறாரா? நம் சினிமாவில் பாதிப் பேர் இரண்டாவது ரகம். எதிராளியின் கடைசி வார்த்தை விழுந்ததும் முகத்தில் பல்பு எரியும் பாருங்கள், அதுவரை கரண்ட் கிடையாது.

தியேட்டரில் இதைக் கவனிப்பது கஷ்டம். ஓடிடியில் சுலபம், வேண்டிய இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் இன்னொரு தடவை பார்க்கலாம். அப்படிச் சமீபத்தில் பார்த்தவை, பார்த்ததையே திரும்பப் பார்த்தவை என்று ஒரு கும்பல் படம் சேர்ந்துவிட்டது. விமர்சனம் எழுதும் உத்தேசமெல்லாம் இல்லை. மனசில் பட்டதை மட்டும் எழுதிவைக்கிறேன். கதை தெரிந்துவிடுமே என்று பயப்படுகிறவர்கள் 'மகாராஜா' வரும் பத்தியையும் 'உள்ளொழுக்கு' வரும் பத்தியையும் தாண்டிப் போய்விடுங்கள்.

'மெய்யழக'னிலிருந்து தொடங்குகிறேன். என் பைத்தியம் முற்றியது அங்கேதான். சொத்துத் தகராறில் பூர்வீக வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போன குடும்பத்துப் பையன், இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, தங்கை முறையுள்ள பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். வந்த இடத்தில் ஒருத்தன் "அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறான். யார் என்று தெரியவில்லை. கேட்கவும் கூச்சம். கார்த்தி பேசிக்கொண்டே இருக்கிறார், அரவிந்த்சாமி கேட்டுக்கொண்டே இருக்கிறார். ராத்திரி முழுக்க இதுதான் படம்.

இதில் அரவிந்த்சாமிக்கு இருக்கும் வேலையை யோசித்துப் பாருங்கள். எதிராளி சொல்வதைக் கேட்க வேண்டும். கேட்டதற்குள் இவன் யாரென்று ஏதாவது துப்பு கிடைக்கிறதா என்றும் துழாவ வேண்டும். துழாவுவது அவனுக்குத் தெரியவும் கூடாது. மூன்றையும் ஒரே முகத்தில் செய்கிறார் மனுஷன். கார்த்தி ஏதோ பழைய சொந்தக்காரர் பெயரைச் சொல்லிச் சிரிக்கும்போது இவரும் சிரிக்கிறார், ஆனால் ஒரு நொடி பிந்தி. உதடு சிரிக்கிறது, கண் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. பேர் மறந்துபோன யாரிடமாவது நின்று பேசிய அனுபவம் இருக்கிறவர்களுக்கு அந்த முகம் எதுவென்று சொல்லவே வேண்டாம்.

'ரோஜா', 'பம்பாய்' காலத்தில் இவரை அழகுக்காகவே பார்த்தோம். அப்புறம் நீண்ட இடைவெளி. 'கடல்' (2013) வந்தது, 'தனி ஒருவன்' (2015) வந்தது. அந்த வில்லன் வேஷத்துக்குப் பிறகு இவரை அலட்டிக்கொள்ளாத புத்திசாலியாகவே நடிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். இதில்தான் முதல் தடவையாக, எதிரே இருப்பவனைவிடக் கொஞ்சம் சின்ன மனுஷனாக உட்கார்ந்திருக்கிறார். கல்யாண மேடையில் தான் வாங்கிவந்த நகைகளைத் தங்கைக்குப் போட்டுவிடும் காட்சியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல காட்சிதான், நானும் அழுதேன். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது சைக்கிள் கதை. இவர்கள் விட்டுவிட்டுப் போன ஒரு பழைய சைக்கிள் அந்தக் குடும்பத்தை எப்படித் தூக்கி நிறுத்தியது என்று கார்த்தி சொல்கிறார். நன்றி சொல்லும் காட்சி அது. கேட்கிறவர் பெருமைப்பட வேண்டும். அரவிந்த்சாமி முகத்தில் வருவது வெட்கம். இவ்வளவு கொண்டாடுகிறவனின் பெயர்கூடத் தனக்குத் தெரியவில்லையே என்ற வெட்கம். அதற்கு ஒரு வரி வசனம் எழுதியிருந்தால் காட்சியே கெட்டிருக்கும்.

கார்த்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரம் இவர் எரிச்சலூட்டுகிறார் என்று நிறையப் பேர் சொன்னார்கள். ஊட்டத்தான் வேண்டும். அரவிந்த்சாமி நடிக்கும் அருளுக்கும் அந்த நேரத்தில் அந்த எரிச்சல்தானே? பெரிய கதாநாயகன் ஒருவர், பார்க்கிறவர்களுக்குத் தன்னைப் பிடிக்காமல் போனாலும் பரவாயில்லை என்று அரை மணி நேரம் தொணதொணப்பது லேசான துணிச்சல் இல்லை.

படம் வெளியான பிறகு நீளம் என்ற புகாரில் சுமார் 18 நிமிடங்களைக் குறைத்தார்கள். பேச்சைக் குறைக்கிறோம் என்று கத்தரி போட்டால் கேட்பதும் சேர்ந்துதானே போகும் என்று அப்போது எனக்குக் கோபம். திரும்ப யோசித்தபோது கொஞ்சம் இறங்கி வந்தேன். பேச்சு வீரம், வரலாறு என்று போன இடங்களில் அரவிந்த்சாமியைக் கவனித்தால் தெரியும். அங்கே அருள் கேட்கவில்லை, அரவிந்த்சாமி காத்திருக்கிறார். எழுத்து பிரசங்கமாகிவிட்டால் கேட்கிற நடிகருக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. இயக்குநர் பிரேம்குமார்மேல் எனக்கு இருக்கும் ஒரே வருத்தம் அதுதான்.

மெய்யழகனுக்கு ஒரு வாரம் முன்னால், அதே 2024 செப்டம்பரில் வந்தது 'லப்பர் பந்து'. அட்டகத்தி தினேஷுக்கு ஒரு பெரிய சலாம். கையில் மட்டையைக் கொடுத்தால் இந்தக் கெத்து பூமாலை ஒரு ராஜா. 'பொன்மனச் செல்வன்' பாட்டு ஒலிக்க, விஜயகாந்த் ரசிகனாக அவர் ஆட இறங்கும்போது நடையே வேறு. கழுத்து நிமிர்ந்து, தோள் விரிந்து, பந்து போடுகிறவனை ஒரு பொருட்டாகவே மதிக்காத பார்வை. அதே ஆளை வீட்டுக்குள் விடுங்கள். மனைவி யசோதை வாயைத் திறந்தால் போதும், உடம்பு ஒரு சுற்று சுருங்கிவிடும். அவள் திட்டும்போது தலை குனிந்திருக்கும், ஆனால் கண் மட்டும் வாசல் எவ்வளவு தூரம் என்று அளந்துகொண்டிருக்கும். பதில் பேசவே மாட்டார். பேசாததில்தான் எத்தனை பொய், எத்தனை பிரியம், எத்தனை பயம்!

யசோதையாக வரும் ஸ்வாசிகா இல்லாவிட்டால் தினேஷின் பாதி நடிப்பு நின்றிருக்காது. மைதானத்துக்குள் டிராக்டரை ஓட்டிவந்து பிட்சை உழுதுவிட்டுப் போகிற பெண்ணைச் சும்மா ஒரு கோபக்காரியாக நடித்துவிட்டுப் போகலாம். இவர் அந்தக் கோபத்துக்குக் கீழே, இந்த ஆளை நம்பி வந்தோமே என்ற களைப்பை வைத்திருக்கிறார். முப்பதுகளில் இருக்கிற நடிகை கல்யாண வயதில் இருக்கும் பெண்ணுக்கு அம்மா என்றால் நம்புவது கடினம் என்று நினைத்துத்தான் படத்துக்கு உட்கார்ந்தேன். அந்த நினைப்பு எந்தக் காட்சியில் ஓடிப்போனது என்று தெரியவில்லை. தினேஷும் நரைத்த தாடியை நம்பி நடிக்கவில்லை. 'குக்கூ', 'விசாரணை' படங்களில் இவரைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாகவும் இருக்காது. நடுவில் இத்தனை வருஷம் இவரை எங்கே வைத்திருந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

ஹரிஷ் கல்யாண் இதில் குறை சொல்ல முடியாதபடி செய்திருக்கிறார். ஆனால் அவருக்கு நான் மார்க் போடுவது 'பார்க்கிங்'குக்கு. ஒரு வீட்டு வாசல், ஒரு கார் நிற்கும் இடம், இரண்டு ஆண்களின் ரோஷம். கர்ப்பிணி மனைவியின் பேச்சு காதில் ஏறாத அளவுக்கு ஆங்காரம் ஏறிய இளைஞனாக ஹரிஷ், நேர்மையும் கஞ்சத்தனமும் ஒன்றாகச் சேர்ந்த அரசு அதிகாரியாக எம்.எஸ். பாஸ்கர். கேட்பதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன், இது கேட்கவே மறுக்கிற இருவரின் கதை.

பாஸ்கர் குரலால் பிழைத்தவர். டப்பிங் கலைஞராக இருந்தவர். 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' தொடரில் பட்டாபி வாயைத் திறந்தாலே சிரிப்பு வரும். '8 தோட்டாக்க'ளில் (2017) அவர் உட்கார்ந்து தன் கதையைச் சொல்வதை இன்னும் ஆட்கள் பேசுகிறார்கள், அதுவும் குரலின் வேலைதான். பார்க்கிங்கில் அந்தக் குரலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். தாடையை இறுக்கிக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு, எட்டிப் பார்க்கும் வயசாளியைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. 2025 ஆகஸ்டில் அறிவித்த 71வது தேசிய விருதுகளில் இந்தப் படத்துக்காக அவருக்குத் துணை நடிகர் விருது. சந்தோஷம். ஆனால் அந்தப் படத்தில் அவர் எந்தக் கணக்கில் துணை?

இதே கேள்வி 'உள்ளொழுக்கு'க்கும் பொருந்தும். மலையாளப் படம், கிறிஸ்டோ டாமி இயக்கியது. அதே வருஷத் துணை நடிகை விருது ஊர்வசிக்கு. படத்தைப் பார்த்தவர்கள் சொல்லட்டும், அவர் எங்கே துணையாக இருந்தார் என்று. குட்டநாட்டில் ஒரு வீடு. மகன் இறந்துவிட்டான். சுற்றிலும் வெள்ளம், வடியாமல் அடக்கம் செய்ய முடியாது. மாமியாரும் மருமகளும் அந்தச் சடலத்தோடு தண்ணீருக்கு நடுவில் காத்திருக்கிறார்கள். இருவரிடமும் மறைக்க ஒன்று இருக்கிறது. மருமகள் கர்ப்பம் என்று தெரிந்ததும், போன மகனின் மிச்சம் ஒன்று வரப்போகிறது என்று ஊர்வசி பிடித்துக்கொள்கிறார். குழந்தை மகனுடையது இல்லை.

இதை அவர் தெரிந்துகொண்ட பிறகு வரும் காட்சிகளை நான் இன்னும் சரியாகக் கடக்கவில்லை. நம் படங்களில் இந்த இடத்தில் ஒரு அம்மா மார்பில் அடித்துக்கொள்வாள், அல்லது சிலையாக நிற்பாள். ஊர்வசி இரண்டும் செய்வதில்லை. கேட்டது உள்ளே போக நேரம் எடுக்கிறது. முதலில் புரியாத முகம், பிறகு புரிந்ததை ஒத்துக்கொள்ளாத முகம், அதன் பிறகு அந்தப் பெண்ணிடம் ஒரு பேரம் பேசலாமா என்று யோசிக்கிற முகம். அந்த மூன்றாவதுதான் ஊர்வசி. துக்கத்துக்கு நடுவில் ஒரு கிழவியின் சாமர்த்தியம் எட்டிப் பார்க்கும் என்று காட்ட எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? 'மைக்கேல் மதன காம ராஜன்' திரிபுரசுந்தரியை வைத்தே இவரை எடைபோட்டுக்கொண்டு, சிரிக்க மட்டுமே நாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். மருமகளாக வரும் பார்வதியும் சளைத்தவர் இல்லை. ஊர்வசி பேசும் இடங்களில் அவர் கண்ணை எங்கே வைத்துக்கொள்கிறார் என்று பாருங்கள், பெரும்பாலும் மாமியாரின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாத குற்றவாளி அப்படித்தான் இருப்பாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சும்மா இருப்பவரெல்லாம் நல்ல நடிகர் என்று நான் சொல்வதாக ஆகிவிடும். "அடக்கி வாசிச்சிருக்காரு" என்று ஒரு பாராட்டு இப்போது ரொம்பச் சல்லிசாகக் கிடைக்கிறது. முகத்தில் ஒன்றும் ஓடவில்லை என்றால் அடக்கி வாசித்தார். தாடி வளர்த்துக்கொண்டு தூரத்தைப் பார்த்தால் அடக்கி வாசித்தார். அடக்குவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டாமா? வெற்றுப் பார்வைக்கு மேல் வயலினை ஓடவிட்டு அதற்கும் நடிப்பு என்று பேர் வைக்கிற படங்கள் மாதத்துக்கு நான்கு வருகின்றன. பெயர் சொல்லவில்லை, உங்களுக்கே பட்டியல் இருக்கும்.

நடிகரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. படப்பிடிப்பில் குளோசப் எடுக்கும்போது எதிராளி நடிகர் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெரிய நட்சத்திரம் தன் பங்கை முடித்துவிட்டுக் கேரவனுக்குப் போய்விடுவார். அல்லது அவருடைய கால்ஷீட் வேறு தேதியில் இருக்கும். ஓர் உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தைக் கடகடவென்று வாசிப்பார், அதற்கு இவர் கண் கலங்க வேண்டும். பேசுகிறவரின் தோளுக்கு மேலிருந்து எடுக்கும் சஜஷன் ஷாட்டில் அந்தத் தோளே டூப்பாக இருக்கலாம். அப்புறம் எடிட்டர் வருகிறார். ரியாக்ஷனை எத்தனை நொடி வைக்கலாம் என்பது அவர் கையில். வசனம் எங்கேயோ அங்கே ஷாட் என்று வெட்டிக்கொண்டு போனால் நடிகர் கேட்டாரா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

அப்படி வெட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 'கொட்டுக்காளி' இருக்கிறது. பி.எஸ். வினோத்ராஜ் படம், பின்னணி இசையே கிடையாது. 2024 ஆகஸ்ட் 23 அன்று 'வாழை'யும் இதுவும் ஒரே நாளில் வந்தன. கூட்டம் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 'வாழை' பையன்களை எனக்கும் பிடிக்கும், கமலுக்கும் ரஜினிக்கும் அவர்கள் போடும் சண்டையை மட்டும் தனிப் படமாகப் பார்க்கலாம். ஆனால் 'கொட்டுக்காளி'யை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

வேறு சாதிப் பையனை நேசிக்கும் மீனாவுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று குடும்பமே ஆட்டோவிலும் பைக்கிலும் சாமியாடியிடம் கூட்டிக்கொண்டு போகிறது. அன்னா பென் படம் முழுக்கக் கிட்டத்தட்ட பேசுவதே இல்லை. வேற்றுமொழி நடிகைக்கு மதுரைத் தமிழ் வருமா வராதா என்ற தலைவலியை இயக்குநர் இப்படியும் தீர்க்கலாம் போல. அந்தப் பெண் எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டே வருகிறாள். திட்டுகிறார்கள், கெஞ்சுகிறார்கள், பரிகாரம் பேசுகிறார்கள். அந்த முகம் பயந்த முகம் இல்லை. இவர்களோடு பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று எப்போதோ முடிவெடுத்துவிட்ட முகம்.

பாண்டியாக வரும் சூரிக்கு இதில் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, கரகரத்துக்கொண்டு வருகிறார். 'வெண்ணிலா கபடி குழு' பரோட்டா காலத்திலிருந்து சூரியின் சொத்தே அந்த வாய்தான். படபடவென்று பொரியும் அந்த வாயைப் பிடுங்கிக்கொண்டுதான் வினோத்ராஜ் அவரை நடிக்கச் சொல்லியிருக்கிறார். 'விடுதலை'யில் குமரேசனாக அவர் தாங்கிக்கொண்டதைப் பார்த்து வியந்தோம், அங்கே நம் பரிதாபம் அவர் பக்கம் இருந்தது. பாண்டிக்கு அந்த உதவியும் இல்லை. வழியில் ஒலிபெருக்கியில் கேட்கும் பாட்டை மீனா லேசாக முணுமுணுக்கிறாள், அவ்வளவுதான். அதுவரை பேச முடியாமல் வந்த ஆள் வெடிக்கிறார். அவளை அடிக்கிறார், தடுக்க வருகிற பெண்களையும் அடிக்கிறார். கேமரா நகர்ந்து உதவவில்லை, இசை இல்லை. அடித்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் சூரியைப் பார்த்து எனக்குச் சிரித்துப் பழகிய முகம் ஞாபகத்துக்கே வரவில்லை. இதைவிடப் பெரிய வேலையை அவர் இனிமேல்தான் செய்ய வேண்டும்.

சிரிப்பு நடிகர் என்றதும் 'மகாராஜா' சிங்கம்புலி. அஜித்தை வைத்து 'ரெட்', சூர்யாவை வைத்து 'மாயாவி' என்று படம் இயக்கியவர் இவர் என்பதே பலருக்குத் தெரியாது. அந்த அசட்டுச் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் அடியில் ஒரு மிருகத்தை வைத்திருக்கிறார் இயக்குநர் நித்திலன். நடிப்பை மாற்றவே இல்லை, நமக்குத் தெரிந்த விஷயம் மட்டும் மாறுகிறது, உடனே அதே சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. விஜய் சேதுபதி சமீபத்தில் செய்ததில் எனக்குப் பிடித்தது இதுதான். லட்சுமி என்ற குப்பைத்தொட்டி காணாமல் போன கதையை ஸ்டேஷனில் ஒவ்வொருத்தரிடமும் ஒரே ராகத்தில் ஒப்பிக்கிறாரே, அது கல்லுளிமங்கத்தனமா வேதனையா என்று கடைசிவரை சொல்லாமல் வைத்திருந்தார். அனுராக் காஷ்யப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

'டூரிஸ்ட் ஃபேமிலி'யை எல்லோரும் கொண்டாடினார்கள். எனக்குக் கொஞ்சம் சர்க்கரை தூக்கல். அந்தத் தெருவில் கெட்டவரே இல்லை, இருந்தாலும் பத்து நிமிஷத்தில் திருந்திவிடுகிறார்கள். சசிகுமாரின் ஈழத்தமிழ் அங்கங்கே சறுக்கி மதுரைப் பக்கம் போய் வருகிறது. ஆனால் ஒன்று, பேசுவதில் விட்டதை அவர் கேட்பதில் பிடித்துவிடுகிறார். தன்னை யாரென்று சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்த அகதி, அதனாலேயே மற்றவர்களைக் கேட்கிறவனாக ஆகிறான். நியாயமான எழுத்து. இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு இது முதல் படம் என்பதும் தெரியவில்லை. சிம்ரன் வீட்டு மனுஷியாக, சத்தமில்லாமல், கணவனைக் கேலி செய்துகொண்டு இருக்கும் இடங்களெல்லாம் அழகு. 'கன்னத்தில் முத்தமிட்டா'லில் (2002) இலங்கைக் குழந்தையை வளர்க்கும் தாயாக வந்தவர் இதில் இலங்கையிலிருந்து படகில் வந்து இறங்குகிறார். யாராவது யோசித்துச் செய்தார்களா, தானாக அமைந்ததா தெரியாது, எனக்கு அந்த முதல் காட்சியிலேயே அது உறுத்தியது, நல்ல விதத்தில்.

கடைசியாக என் அளவுகோலையே ஆட்டிவிட்ட ஒருவர், 'பறந்து போ' மிர்ச்சி சிவா. இந்த மனுஷன் வாழ்நாளில் இரண்டு முகபாவனைக்கு மேல் முயன்றதில்லை, அதை அவரே மேடைகளில் கிண்டலும் செய்வார். இயக்குநர் ராம் படத்தில் சிவா என்றபோது போஸ்டர் தவறாக அச்சாகிவிட்டதோ என்றுதான் நினைத்தேன். கடன், தவணை என்று ஓடுகிற அப்பா, வீட்டில் அடங்காத மகன், இருவரும் வண்டியில் கிளம்பி ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள். பையன் எங்கேயாவது ஏறுவான், இவர் மூச்சு இரைக்கப் பின்னால் ஏறுவார். பையன் பேசும்போது சிவா முகத்தில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. நான் மேலே திட்டிய அதே வெற்று முகம்தான். ஆனால் இங்கே வேலை செய்கிறது! குழந்தை சொல்வதற்கு வியக்கிற மாதிரி, உருகுகிற மாதிரி முகம் காட்டும் அப்பாக்களைச் சினிமாவில் பார்த்து அலுத்த எனக்கு, பிள்ளை சொல்வதைச் சக வயதுக்காரன் சொல்வதுபோலச் சாதாரணமாகக் கேட்டுக்கொள்கிற அப்பா புதுசாக இருந்தார். பக்கத்தில் கிரேஸ் ஆண்டனி எல்லாவற்றையும் முகத்தில் ஓடவிடுகிறவர், இருவருக்கும் ஜோடி பொருந்தியதே அதனால்தான்.

இது சிவாவின் நடிப்பா, ராமின் கெட்டிக்காரத்தனமா என்று எனக்குள் இன்னும் தீர்ப்பு ஆகவில்லை. அடுத்து அவர் 'தமிழ்ப் படம்' மாதிரி ஏதாவதில் வந்து அதே முகத்தோடு நின்றால், பழையபடி சிரித்துவிட்டு வந்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.